நம் வீட்டுப் பெண் கண் மருத்துவ உதவியாளர் ஆகலாம்
கல்வியும் வேலையும் – குழுக் கூட்டத்தில் படித்துப் பேசுவதற்கான பாடம்



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் குழுக் கூட்டங்களில் படிப்புக்கு உள்கடன் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். "பிள்ளையை எதுல சேர்க்கிறதுன்னு தெரியலையே அக்கா" என்ற பேச்சும் கூடவே வரும். நர்சிங் தெரியும், டீச்சர் டிரெயினிங் தெரியும், கம்ப்யூட்டர் தெரியும். கண் துறையில் நம் பெண்களுக்கு ஒரு நல்ல வேலை இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர், பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் "3 மாதத்தில் சான்றிதழ், 100 சதவீதம் வேலை" என்ற நோட்டீசைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அதனால் இந்தப் பாடத்தில் நான்கு விஷயங்களைப் பார்க்கலாம்.

1. கண் மருத்துவ உதவியாளர் என்ன வேலை செய்கிறார்?
2. அதற்கு என்ன படிக்க வேண்டும்?
3. எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது?
4. பணம் கட்டும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

யார் இந்தக் கண் மருத்துவ உதவியாளர்?

கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டாக்டரைப் பார்ப்பது சில நிமிடம்தான். அதற்கு முன்னால் எத்தனை பேரைப் பார்த்தோம்? ஒருவர் சீட்டுப் போட்டார். ஒருவர் தூரத்தில் இருக்கும் பலகையை வாசிக்கச் சொன்னார். ஒருவர் கண்ணின் அழுத்தம் பார்த்தார். ஒருவர் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொன்னார். ஆபரேஷன் என்றால் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் சொல்லி, பயத்தைப் போக்கினார். இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்பவர் கண் மருத்துவ உதவியாளர்தான். டாக்டர் தீர்மானிப்பதற்கு வேண்டிய எல்லா விவரத்தையும் சரியாக எடுத்துக் கொடுப்பது இவர் பொறுப்பு.

இந்தியாவில் 1976-ல் தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. டாக்டர்களை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை பேருக்குப் பார்வை கொடுக்க முடியாது என்பது அப்போதே புரிந்தது. அதனால் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் இதற்கென்று தனிப் பணியிடங்கள் உண்டாக்கப்பட்டன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதிக்க வருகிறார்களே, அவர்களில் இந்த உதவியாளர்களும் உண்டு.

கிராமத்துப் பெண்கள் இந்த வேலைக்கு வந்தது எப்படி?

இதைச் சொல்ல மதுரைக்குத்தான் போக வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். மூட்டுவாதத்தால் அவருடைய கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களாலேயே கண் ஆபரேஷன் செய்யப் பழகியவர் அவர். ஓய்வு பெற்றபின் 1976-ல், 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் காலமானார். அன்று 11 படுக்கையில் ஆரம்பித்தது இன்று தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி, சேலம், சென்னை என்று பல ஊர்களுக்கும் விரிந்திருக்கிறது.

இந்த வளர்ச்சிக்குப் பெரிய காரணம் கிராமத்துப் பெண்கள். பிளஸ் டூ முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்தார்கள். நோயாளிகள் அவர்களை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே பணிபுரிபவர்களில் பாதிக்கு மேல் இவர்கள்தான்.

ஆபரேஷன் தியேட்டரில் நடப்பதைப் பார்த்தால் இவர்களுடைய வேலையின் மதிப்பு தெரியும். டாக்டருக்கு இரண்டு பக்கமும் இரண்டு மேஜை. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளியைச் சிஸ்டர் தயார் செய்து வைத்துவிடுவார். கருவிகளும் தயாராக இருக்கும். முதல் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் அப்படியே மறுபக்கம் திரும்பினால் போதும். அதனால்தான் அங்கே ஒரு டாக்டர் ஆண்டுக்குச் சுமார் 2000 ஆபரேஷன் வரை செய்ய முடிகிறது. வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகவும் குறைந்த செலவிலும் ஆபரேஷன் செய்ய முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமையல் வீட்டில் நாம் செய்வதும் இதுதானே? ஒருத்தி காய் நறுக்கி, மசாலா அரைத்துக் கொடுத்தால், அடுப்படியில் நிற்பவள் ஐம்பது பேருக்குச் சமைத்துவிடுவாள். எல்லாவற்றையும் ஒருத்தியே செய்தால் பத்துப் பேருக்கே மதியம் தாண்டிவிடும்.

என்னென்ன கற்றுக்கொடுப்பார்கள்?

இப்படி ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கும் பயிற்சி சாதாரணமாக 2 ஆண்டு. தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடம் இருக்கும். கண்ணின் பாகங்கள், கண் நோய்கள், சுத்தம், நோயாளியிடம் பேசும் முறை எல்லாம் அதில் வரும். பிறகு புறநோயாளிப் பிரிவு, கண்ணாடிப் பரிசோதனை, ஆபரேஷன் தியேட்டர், வார்டு, ஆலோசனை, கண்ணாடிக்கடை என்று பிரித்து, ஒவ்வொருவரையும் ஒரு பிரிவில் ஆழமாகப் பயிற்றுவிப்பார்கள். கடைசியாக மூத்த சிஸ்டர் மேற்பார்வையில் நோயாளிகளிடமே வேலை செய்ய வேண்டும். என்ன கற்கிறார்கள் என்று தெரிய, நான்கு சின்ன உதாரணம் பார்ப்போம்.

ஒன்று: பார்வை அளப்பது. நோயாளியைப் பலகையில் இருந்து 6 மீட்டர் தள்ளி உட்கார வைப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு 'E' மாதிரி மூன்று கால் உள்ள படம் இருக்கும். அந்தக் கால்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்க வேண்டும். விரலால் மூடினால் இடுக்கு வழியாகத் தெரியும். ஆகவே உள்ளங்கையால் மூடச் சொல்ல வேண்டும். கண்ணை அழுத்தவும் கூடாது.

சீட்டில் 6/6, 6/60 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு என்ன அர்த்தம்? மேலே இருக்கும் 6, நோயாளி உட்கார்ந்திருக்கும் தூரம். கீழே இருக்கும் எண், நல்ல பார்வை உள்ளவர் அதே எழுத்தை எவ்வளவு தூரத்தில் இருந்து வாசிப்பார் என்பது. 6/60 என்றால், நல்ல கண் 60 மீட்டரில் இருந்து பார்க்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில் இருந்துதான் பார்க்கிறார். 6/6 நல்ல பார்வை. இனி உங்கள் சீட்டை நீங்களே படிக்கலாம்.

இரண்டு: சொட்டு மருந்து விடுவது. "இது என்ன பெரிய வேலையா?" என்று தோன்றும். ஆனால் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்தை எல்லோருக்கும் விட்டுவிட முடியாது. கண் நீர் அழுத்த நோயில் ஒரு வகை உள்ளவர்களுக்கு அந்தச் சொட்டால் அழுத்தம் திடீரென்று ஏறிவிடலாம். அதனால் முதலில் கேட்க வேண்டும், பரிசோதித்துப் பார்க்க வேண்டும், டாக்டர் சொன்ன பிறகே விட வேண்டும். விட்ட பிறகு சில மணி நேரம் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். "கூட யாராவது வந்திருக்காங்களா? வண்டி ஓட்டிட்டுப் போயிடாதீங்க" என்று சொல்வதும் இந்த வேலைதான். கண் அழுத்தம் சாதாரணமாக 10-க்கும் 21-க்கும் நடுவில் இருக்கும். அதையும் இவர்களே அளக்கிறார்கள்.

மூன்று: லென்சுக்கு அளவு எடுப்பது. கண்புரை ஆபரேஷனில் மங்கிப்போன லென்சை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். எத்தனை பவர் லென்ஸ் வைப்பது என்பதற்கு முன்கூட்டியே அளவு எடுக்க வேண்டும். கருவிழியின் வளைவையும், முன்னிருந்து பின்வரை கண்ணின் நீளத்தையும் கருவியால் அளப்பார்கள். நம் கண்ணின் நீளம் ஏறத்தாழ 23 அல்லது 24 மில்லிமீட்டர். அதில் 1 மில்லிமீட்டர் தப்பாக அளந்தால், கடைசியில் கண்ணாடிப் பவர் இரண்டரை முதல் மூன்று வரை மாறிப்போகும். டாக்டர் எவ்வளவு நன்றாக ஆபரேஷன் செய்தாலும், பாட்டிக்கு நினைத்த பார்வை வராது. தையல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். அளவு தப்பினால், தைத்தவர் கைவேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ரவிக்கை பொருந்தாது. ரவிக்கையையாவது பிரித்துத் தைக்கலாம். கண்ணை அப்படிப் பிரித்துத் தைக்க முடியுமா?

நான்கு: பேசுவது. நம் பெண்களுக்கு இயல்பாகக் கைவந்தது இது. ஆபரேஷனுக்கு வரும் ஒரு பெரியவருக்கும் உதவியாளருக்கும் நடக்கும் பேச்சைப் பாருங்க.

"ஏம்மா, சொட்டு மருந்து விட்டே இந்தப் புரையைக் கரைக்க முடியாதா?"

"இல்லைங்க தாத்தா. புரை சொட்டு மருந்துல கரையாது. ஆபரேஷன்தான் வழி."

"கண்ணைப் பிடுங்கி எடுத்து வச்சுட்டு, அப்புறம் மறுபடி வைப்பாங்களாமே?"

"யாரு தாத்தா சொன்னது? கண்ணை வெளியே எடுக்கவே மாட்டாங்க. உள்ளே மங்கிப்போன லென்சை மட்டும் எடுத்துட்டு, புது லென்ஸ் வைப்பாங்க. பேச்சு காதுல கேக்கும், ஆனா வலி தெரியாம இருக்க மருந்து கொடுத்துடுவாங்க. சுகர் மாத்திரை சாப்பிடறீங்களா? அதை மறைக்காம சொல்லணும்."

இந்தப் பேச்சு இல்லாவிட்டால் அந்தப் பெரியவர் பயந்து வீட்டுக்குப் போயிருப்பார். அவர் ஊர்ப் பேச்சில், அவர் பயத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் ஆஸ்பத்திரிக்குத் தேவை. அதையும் பாடமாகவே கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஊருக்குப் பக்கத்திலேயே வேலை

பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும்தான் வேலை என்று நினைக்க வேண்டாம். சிறு ஊர்களில் பார்வை மையங்கள் வந்திருக்கின்றன. அங்கே எப்போதும் டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற உதவியாளர் பரிசோதித்து, கண்ணைப் படம் எடுத்து, கம்ப்யூட்டர் வழியாக ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டருக்குக் காட்டுவார். டாக்டர் திரையிலேயே நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார். அரவிந்த் 2004 வாக்கில் இருந்து இந்த மாதிரி மையங்களை நடத்தி வருகிறது. ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும் இப்படிப்பட்ட மையங்களுக்கென்றே உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது.

நமக்கும் இதில் பயன் உண்டு. 40 வயதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பது மங்குவது இயற்கை. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, அரிசியில் கல் தெரியவில்லை, கணக்குப் புத்தகம் வாசிக்க முடியவில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018-ல் வெளியானது. பக்கத்தில் பார்ப்பதற்கான சாதாரணக் கண்ணாடி கொடுத்ததும், கண்ணாடி கிடைக்காதவர்களைவிட அவர்கள் பறித்த இலை 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தது. ஒரு கண்ணாடியால் கூலியே கூடும். அந்தக் கண்ணாடிக்குச் சரியான பவர் பார்த்துக் கொடுக்க ஊருக்குப் பக்கத்தில் ஆள் வேண்டாமா? அந்த ஆள் நம் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம்.

எந்தெந்த வழியில் படிக்கலாம்?

1. ஆஸ்பத்திரிப் பயிற்சி. பிளஸ் டூ முடித்த பெண்களைக் கண் ஆஸ்பத்திரியே எடுத்து 2 ஆண்டு பயிற்சி கொடுக்கும். அரவிந்தில் இதற்குப் பயிற்சிக் கட்டணம் இல்லை. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். தேர்வின்போது பெற்றோரையும் அழைத்துப் பேசுவது வழக்கம். பயிற்சிக்குப் பிறகு சில ஆண்டு அங்கேயே வேலை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். கையில் பணம் இல்லாத குடும்பங்கள் முதலில் விசாரிக்க வேண்டிய வழி இது.

2. பட்டயப் படிப்பு. கண் மருத்துவ உதவியாளர் அல்லது ஆப்டோமெட்ரி பட்டயம். சாதாரணமாக 2 ஆண்டு. பிளஸ் டூவில் அறிவியல் பாடம் எடுத்திருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு.

3. பட்டப் படிப்பு. ஆப்டோமெட்ரி பட்டம் 4 ஆண்டு. கடைசி ஆண்டு ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி. செலவு அதிகம். ஆனால் மேல்படிப்புக்கும் பெரிய பொறுப்புக்கும் வழி இருக்கிறது.

4. குறுகிய காலப் பயிற்சி. திறன் வளர்ப்புத் திட்டங்களில் சில மாதப் பயிற்சிகள் உண்டு. கண்ணாடிக்கடை வேலைக்கு, முகாம் வேலைக்கு இது உதவலாம். ஆனால் இதை வைத்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியுமா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது ஏன் என்பதை அடுத்து பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு கணக்குப் போடுவோம்

2021-ல் மத்திய அரசு, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பட்டியலில் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் மருத்துவ உதவியாளர், பார்வைத் தொழில்நுட்பர் மூன்று பேரும் இருக்கிறார்கள். மாநில அளவில் பதிவேடு வைக்கவும் சட்டம் வழி செய்கிறது. இந்தச் சட்டப்படி மருத்துவம் சார்ந்த தொழிலர் என்று சொல்ல, பட்டயமோ பட்டமோ குறைந்தது 2000 மணி நேரப் படிப்பாக இருக்க வேண்டும். அது 2 முதல் 4 ஆண்டுக்குள் பரவியிருக்க வேண்டும்.

இப்போது சுவர் நோட்டீசை எடுத்துக்கொள்வோம். 3 மாதம் வகுப்பு. வாரம் 6 நாள், தினம் 2 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்:

3 மாதம் = சுமார் 75 நாள்
75 நாள் × 2 மணி = 150 மணி நேரம்

சட்டம் கேட்பது 2000. இவர்கள் கொடுப்பது 150. பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாலும், கையில் பழக்கம் வந்திருக்காது. ஒரு நாளுக்கு 8 மணி நேரம் பயிற்சி என்றால் 2000 மணிக்கு 250 வேலை நாள் ஆகும். அதனால்தான் நல்ல பயிற்சி எதுவும் சீக்கிரம் முடிவதில்லை.

மற்ற நாட்டிலும் இதே நியாயம்தான். அமெரிக்காவில் கண் உதவியாளர் சான்றிதழுக்குத் தேர்வு உண்டு. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படிக்காமல், வேலை செய்துகொண்டே தானாகப் படிப்பவர்கள், தேர்வுக்கு முன்னால் கண் டாக்டரின் மேற்பார்வையில் 1000 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். வாங்கிய சான்றிதழையும் 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நோயாளியின் கண்ணுக்கு முன்னால் எத்தனை மணி நேரம் இருந்தாய் என்பதைத்தான் எல்லா இடத்திலும் கேட்கிறார்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். விசாரிக்கப் போகும்போது தனியாகப் போகாமல், குழுவில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

1. இந்தச் சான்றிதழைக் கொடுப்பது யார்? பல்கலைக்கழகமா, அரசுத் துறையா, ஆஸ்பத்திரியா, அல்லது இந்த நிறுவனமே அச்சடித்துக் கொடுக்கிறதா?
2. மொத்தம் எத்தனை மணி நேரம்? அதில் நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி எத்தனை மணி?
3. எந்தக் கண் ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சி? நாங்கள் அங்கே போய்ப் பார்க்கலாமா?
4. போன ஆண்டு முடித்த பெண்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரிடம் பேச முடியுமா?
5. மொத்தச் செலவு எவ்வளவு? சேர்க்கை, தேர்வு, சீருடை, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுப்பீர்களா? ரசீது உண்டா?
6. பாதியில் நின்றால் கட்டிய பணம் திரும்புமா? அசல் மதிப்பெண் சான்றிதழைத் தடுத்து வைப்பீர்களா?
7. படிப்புக்குப் பின் கட்டாயம் வேலை செய்ய வேண்டுமா? எத்தனை ஆண்டு? சம்பளம் எவ்வளவு?
8. இந்தச் சான்றிதழை வைத்து அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாமா? முடியும் என்றால், அரசு வேலை அறிவிப்பில் கேட்கும் தகுதியோடு ஒத்துப் பார்க்கக் காட்டுங்கள்.

நல்ல இடம் என்றால் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். "சீட்டு முடியப்போகுது, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உள்கடன் கொடுக்கும் முன் குழு பார்க்க வேண்டியது

உதாரணத்துக்கு, படிப்புக்காக ஒரு உறுப்பினர் 40,000 ரூபாய் உள்கடன் கேட்கிறார். மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி. மாத வட்டி 400 ரூபாய். 2 ஆண்டு வட்டி மட்டும் கட்டி வந்தால் 9,600 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். வேலை கிடைக்காத சான்றிதழுக்கு இந்தக் கடன் கொடுத்தால் அந்தக் குடும்பம் மாட்டிக்கொள்ளும், குழுவின் பணமும் மாட்டிக்கொள்ளும். ஆகவே மேலே சொன்ன எட்டுக் கேள்விக்கும் பதிலை எழுதி வாங்கி, தீர்மானப் புத்தகத்தில் பதிந்த பிறகு கடன் கொடுப்பது நல்லது. கட்டணம் இல்லாத பயிற்சி என்றால் விடுதிக்கும் பயணத்துக்கும் சிறு கடனே போதும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகள் மேலே படிக்க மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. சேரப்போகும் படிப்பு அரசு உதவித்தொகைக்குப் பொருந்துமா என்று பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் சேரும் இடத்திலும் கேட்டுவிடுங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை ரிசல்ட்டுக்கு முன்பே எடுத்து வைத்தால் கடைசி நேர அலைச்சல் இருக்காது.

வீட்டில் கேட்கும் கேள்விகள்

"வெளியூர்ல தங்கிப் படிக்கணுமே, பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புறது?"

நியாயமான கவலை. விடுதியை நேரில் போய்ப் பாருங்கள். காப்பாளர் யார், யார் பார்க்க வரலாம், ஊருக்கு எப்போது அனுப்புவார்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே அங்கே இருக்கும் பெண்களிடம் பேசுங்கள். பார்த்த பிறகு முடிவு செய்யலாம். பார்க்காமலே வேண்டாம் என்று சொல்வது பிள்ளைக்குச் செய்யும் நியாயம் இல்லை.

"பயிற்சி 2 வருஷம், அப்புறம் சில வருஷம் வேலை. கல்யாணம் எப்போ?"

பதினெட்டு வயதில் சேரும் பெண், கையில் தொழிலோடும் பேரில் சேமிப்போடும் இருபத்து இரண்டு, மூன்று வயதில் கல்யாண மேடை ஏறலாம். அந்தத் தொழில் அவள் போகும் ஊருக்கும் கூடவே வரும். கண் ஆஸ்பத்திரிகள் பல ஊர்களில் இருக்கின்றன.

"அவ டாக்டர் ஆயிடுவாளா?"

ஆக மாட்டாள். இதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். உதவியாளர் தானாக மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது, ஆபரேஷன் செய்யக் கூடாது, "கண் டாக்டர்" என்று போர்டு மாட்டக் கூடாது. சந்தேகம் என்றால் டாக்டரிடம் அனுப்புவதுதான் நல்ல உதவியாளரின் அடையாளம். கண் சிவந்து வலியோடு பார்வை மங்குகிறது, கண்ணில் அடிபட்டது, திடீரென்று பார்வை போனது என்று வருபவரை ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும்.

"எப்படிப்பட்ட பெண்ணுக்கு இந்த வேலை ஒத்துவரும்?"

முதல் மதிப்பெண் வாங்கியவளாக இருக்க வேண்டும் என்பதில்லை. பொறுமை வேண்டும். ஒரே கேள்வியைப் பத்தாவது முறை கேட்கும் பாட்டிக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். கை சுத்தம் வேண்டும். ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரைத் தொடும் முன் கை கழுவுவதை ஒருமுறைகூட மறக்கக் கூடாது. வலது கண்ணா இடது கண்ணா என்று எழுதியதை மறுபடி சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை வேண்டும்.

கூட்டத்தில் பேச

1. உங்கள் குழுவில் இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கும் பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயரை எழுதுங்கள். அவர்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்து இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள்.
2. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள கண் ஆஸ்பத்திரி எது, பார்வை மையம் எது? அங்கே வேலை செய்யும் சிஸ்டர் ஒருவரைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு அழைக்க முடியுமா?
3. 6/18 என்று சீட்டில் எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? ஒருவர் எழுந்து விளக்கிச் சொல்லுங்கள்.
4. ஒரு நிறுவனம் "6 மாதம், தினம் 3 மணி நேரம், வாரம் 5 நாள்" என்கிறது. மொத்தம் எத்தனை மணி? 2000 வருகிறதா? எல்லோரும் சேர்ந்து கணக்குப் போடுங்கள்.
5. படிப்புக் கடன் கேட்கும் எல்லோரிடமும் இந்த எட்டுக் கேள்விக்குப் பதில் வாங்குவது என்று குழுவில் தீர்மானம் போடலாமா?

சகோதரிகளே, நாம் பத்து ரூபாய், இருபது ரூபாயாகச் சேர்த்த பணம் இது. அதை ஒரு பெண்ணின் படிப்புக்குக் கொடுப்பதைவிட நல்ல செலவு இல்லை. ஆனால் காகிதத்துக்குக் கொடுக்காமல், பயிற்சிக்குக் கொடுப்போம். நாளைக்கு நம் ஊர்ப் பாட்டி ஒருவர் பார்வை மையத்தில் போய் உட்காரும்போது, "தாடையை இதுல வையுங்க பாட்டி, நேராப் பாருங்க" என்று சொல்பவள் நம் குழுவில் இருந்து போனவளாக இருந்தால் அது நம் எல்லோருக்கும் பெருமை. அவள் எடுக்கும் அளவும் சரியாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை கேள்வியும்.